உனக்காக நான் போடப்போகும் வோட்டு

தம்பி,

உனக்குத் தமிழ் வாசிக்க மெதுவாகத்தான் வரும் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் உனக்குத் தந்தது அவ்வளவுதான். மெதுவாகவே வாசி, அவசரமில்லை. இதை உனக்குத் தனியாக அனுப்பாமல் ஏன் சஞ்சிகைக்கு எழுதினீர்கள் என்று கேட்பாய். நான் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற நீளமான செய்திகளை நீ முழுதாகத் திறப்பதில்லை. ஆனால் சஞ்சிகையில் வந்தால் சொந்தக்காரர்கள் நாலுபேர் படம் பிடித்து உனக்கு அனுப்புவார்கள். அப்போது வாசித்துத்தான் ஆகவேண்டும். உன் பெயரை எங்கும் எழுதவில்லை, பயப்படாதே. என் பெயரும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நியூ ஜேர்சியிலிருந்து நீ கூப்பிட்டாய். வீடு பிடித்திருக்கிறது, பிள்ளைக்கு நேர்சரி கிடைத்துவிட்டது, அங்கேயிருக்கிற சின்னம்மா, என் தங்கச்சி, இரண்டு சட்டி கறி கொண்டுவந்து தந்தா என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு விஷயம் கேட்டாய். வெளிநாட்டில் வாழும் பிரிட்டிஷ் குடிமக்கள் தங்களுக்குப் பதிலாக இங்கே உள்ள ஒருவரை வோட்டுப் போட நியமிக்கலாம், அதற்கு என் பெயரைக் கொடுக்கட்டுமா என்று. "என்ரை வோட்டை நீங்கள் போடுங்கோ அம்மா. உங்களை விட்டால் வேறை ஆரை நான் நம்புறது?" என்றாய். நான் "பாப்பம்" என்றேன். நீ அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு தொலைபேசியை வைத்துவிட்டாய். அது ஓம் இல்லை. அந்த நேரம் எனக்கு வாயில் வந்த சொல் அது ஒன்றுதான். என் பதிலை இந்தக் கடிதத்தின் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன் நீ சிலவற்றைக் கேட்க வேண்டும்.

நீங்கள் அமெரிக்காவுக்கு வெளிக்கிடுவதற்கு முந்தின ஞாயிறு, வீட்டில் சாப்பாடு வைத்தோமே, அந்த மத்தியானத்திலிருந்து தொடங்குகிறேன். ஹொலண்டிலிருந்து உன் சித்தப்பா உன்னை வழியனுப்ப வந்திருந்தார். மருமகள் மாடியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நீயும் அப்பாவும் சித்தப்பாவும் முன் அறையில். நான் குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இந்த வீட்டுச் சுவர்கள் எப்படியென்று உனக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் நாங்கள் ஆயுசு சொல்லலாம். முன் அறைக் கதவும் திறந்து கிடந்தது. ஆண்கள் அரசியல் பேசும்போது குசினிக்குள் நிற்பவளுக்குக் காது இல்லை என்று எல்லா வீட்டிலும் நினைக்கிறார்கள். எனக்கு அது வசதிதான். என் அரசியலில் பாதி அப்படிக் கேட்டது. மீதி, வெங்காயம் உரிக்கும்போது வானொலியில் பாராளுமன்றத்தைக் கேட்டுப் படித்தது.

சித்தப்பா ஐரோப்பாவின் பக்கம், நீ அமெரிக்காவின் பக்கம். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் வீட்டை விற்க வேண்டிய நாட்டிலே என்ன சனநாயகம் என்று சித்தப்பா கேட்டார். நீ சிரித்தாய். "ஐரோப்பாவிலை உங்களைப் படுக்க வைச்சுச் சோறு தீத்துவாங்கள் சித்தப்பா. என்ன சமைக்கிறது எண்டு மட்டும் உங்களைக் கேக்கமாட்டாங்கள்" என்றாய். அமெரிக்காவில் பள்ளிக்கூடச் சபைக்கும் வோட்டு, நீதிபதிக்கும் வோட்டு, ஷெரிஃப்புக்கும் வோட்டு, அங்கே மாற்றம் தெருவிலிருந்து மேலே போகிறது, இங்கே மேலிருந்து கடிதமாக வீட்டுக்கு வருகிறது என்றாய். சித்தப்பா விடவில்லை. ஹொலண்டில் ஒரு கட்சி தனியாக ஆளவே முடியாது, நாலு கட்சிகள் மாதக்கணக்காக இருந்து பேசித்தான் அரசாங்கம் அமைகிறது, அதனால் ஒருவன் வென்றான் என்பதற்காக மற்றவன் நாசமாய்ப் போவதில்லை என்றார். "ஓமோம், கதைச்சுக் கதைச்சே நித்திரையாப் போறாங்கள்" என்று அப்பா பகிடி விட்டார். நானும் குசினிக்குள் சிரித்தேன். நல்ல வாதமாக இருந்தது. சித்தப்பாவுக்கு இன்னும் சூடாக இரண்டு வடை கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் நீ சொன்னாய். "உங்கடை ஐரோப்பா ஒரு வயோதிபர் மடம் சித்தப்பா. அதுதான் நான் அப்பவே விலகத்தான் போட்டனான்."

சித்தப்பாவுக்கு உடனே விளங்கவில்லை. எதிலிருந்து விலக என்று கேட்டார். நீ விளக்கினாய். அப்பா இடையில் புகுந்தார். "மெதுவாக் கதை. கொம்மா குசினிக்குள்ளை நிக்கிறா."

தம்பி, நீ சொன்னது என் கையைச் சுட்டது. அப்பா சொன்னது நெஞ்சைச் சுட்டது. அவர் ஆச்சரியப்படவில்லை, "என்னடா சொல்லுறாய்" என்று கேட்கவில்லை. குரலைத்தான் குறைக்கச் சொன்னார். அவருக்கு முன்பே தெரியும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. நான் வடையைத் திருப்பிப் போட்டேன், இறக்கினேன், எண்ணெயை வடியவிட்டேன், கொண்டுவந்து வைத்தேன். நீ ஒன்றை எடுத்துப் பிய்த்து, இண்டைக்கு நல்லா வந்திருக்கு அம்மா என்றாய். பாயசம் பரிமாறினேன். பெட்டி கட்டியபிறகு கீழே வந்த மருமகள் மட்டும் என் முகத்தைப் பார்த்து, மாமிக்குத் தலையிடியா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

இனி அந்த வோட்டு நாளுக்கு வருவோம். ஐரோப்பாவோடு இருப்பதா, விலகுவதா என்று இந்த நாடு தன் சனத்தைக் கேட்ட நாள். எங்கள் வீட்டில் அப்பாவிடமும் என்னிடமும் ஹொலண்ட் பாஸ்போட். அதனால் எங்களுக்கு அந்த வோட்டு இல்லை. உள்ளூர்க் கவுன்சிலுக்குப் போடலாம், எங்கள் தலைவிதிக்குப் போடக்கூடாது. நீ மட்டும் பல்கலைக்கழகம் முடித்த கையோடு பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்திருந்தாய். அதோடு உன் ஹொலண்ட் பாஸ்போட் போய்விட்டது. வீட்டில் வோட்டுள்ள ஒரே ஆள் நீ. முதல்நாள் இரவுச் சாப்பாட்டில் நான் உன்னிடம் கேட்டேன், எங்களுக்காகவும் சேர்த்துப் போடு, இருப்பதற்குப் போடு என்று. நீ தலையாட்டினாய். மறுநாள் மழை கொட்டியது. நான் விளக்கேற்றி, உன் நெற்றியில் திருநீறு பூசி, உன்னோடு கூடவே அந்தத் தேவாலய மண்டபம் வரைக்கும் நடந்துவந்தேன். உள்ளே போக எனக்கு அலுவல் இல்லை. வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசலில் நாய்களோடு நின்றவர்களும் நானும் ஒரே வரிசையில் நின்றோம். நீ வெளியே வந்தாய். உன் தோளில் ஈரம் இருந்தது, அதை என் சேலைத்தலைப்பால் துடைத்தேன். நீ என் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டு சொன்னாய்: "போட்டாச்சு அம்மா, உங்கடையும் சேர்த்து."

உங்கடையும் சேர்த்து. இதை நான் மறக்கவேயில்லை. நல்ல நினைவாகத்தான் வைத்திருந்தேன். முடிவு வந்த விடிகாலையில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து அழுதபோதுகூட, என் பிள்ளை எனக்காகப் போட்டான், சனம்தான் கைவிட்டது என்று அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினேன்.

ஒருவரின் வோட்டை இன்னொருவர் கையில் கொடுப்பது என் கற்பனை இல்லை என்பது உனக்குத் தெரியும். லண்டனுக்கு வருமுன் ஹொலண்டில், ப்ரெடாவில் நாங்கள் அப்படித்தான் வாழ்ந்தோம். அங்கே வோட்டு அட்டையின் பின்பக்கத்தில் கையெழுத்து வைத்து நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்தால், அவர் தன் வோட்டோடு சேர்த்து அதையும் போடலாம். வருத்தக்காரர், வேலைக்குப் போகிறவர், வயதானவர் எல்லாரும் அப்படிச் செய்வார்கள். அப்பா தொழிற்சாலையில் பகல் ஷிப்ட் என்றால் அவருடைய அட்டை என் கைப்பைக்குள் இருக்கும். ஒருமுறை கீழ்வீட்டு ஆனி அன்ரியும் தன் அட்டையைத் தந்தா. உனக்கு ஆனி அன்ரியை நினைவிருக்கும், இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தவ. உனக்கு லிக்கரிஸ் இனிப்புத் தருவா. எனக்கு டச்சு மொழி வந்தது அவவாலும், சுப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள்களாலும்தான். அட்டையைத் தந்துவிட்டு, எந்தக் கட்சி, எந்தப் பெயர் என்று தாளில் எழுதித் தந்தா. வெளிநாட்டுக்காரரைக் குறைக்க வேண்டும், இனி வருகிறவர்களுக்குக் கதவைச் சாத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்த கட்சி அது. என் முகம் மாறியதைக் கண்டு, "உன்னைச் சொல்லவில்லை பிள்ளை, மற்றவையைத்தான்" என்றா. அவவுக்கு அதில் முரண்பாடே தெரியவில்லை.

நீ அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். பள்ளிக்கூட மண்டபத்தில் இயந்திரம் வைத்திருந்தார்கள். மேசைவிரிப்பளவு பலகை முழுதும் பெயர்கள், பெயருக்குப் பக்கத்தில் அழுத்தி, பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். எனக்கு ஒருமுறை, அப்பாவுக்கு ஒருமுறை. மூன்றாவது முறை என் விரல் அந்தரத்தில் நின்றது. பொய் சொல்லமாட்டேன், யோசித்தேன். பக்கத்துப் பெயரை அழுத்தினால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனி அன்ரி கட்டிலில். கோயிலில் இருக்கும் அம்மாளுக்குத் தெரியும், அதைவிட எனக்குத் தெரியும். ஆனி அன்ரி சொன்ன பெயரையே அழுத்தினேன். வெளியே வந்ததும் நீ கேட்டாய், அவர்கள் எங்களைப் பிடிக்காத ஆட்கள் அல்லவா, ஏன் அம்மா அவர்களுக்குப் போட்டீர்கள் என்று. பள்ளிக்கூடத்தில் உனக்கு ஏற்கெனவே யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் சொன்னது எனக்கு நல்லாக நினைவிருக்கிறது. "அது என்ரை விரல் இல்லை. அந்த நேரம் அது அன்ரியின்ரை விரல்." நீ அதை விளங்கிக்கொண்ட மாதிரித் தலையாட்டினாய். நீ தலையாட்டினால் விளங்கிக்கொண்டாய் என்று நம்பும் பழக்கம் எனக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

உன் நியாயங்களையும் கேட்டிருக்கிறேன். சித்தப்பாவிடம் நீ அன்று விளக்கியதை முழுக்கக் கேட்டேன். யாழ்ப்பாணத்தில் என் அண்ணனின் மகனுக்கு, படிக்க வரக்கூட விசா கொடுக்காத நாடு, ஐரோப்பாவில் பிறந்த ஒரே காரணத்துக்காக வேறு எவரையும் கேள்வியில்லாமல் விடுகிறது, அது என்ன சமத்துவம் என்றாய். யாரும் தெரிவு செய்யாத அதிகாரிகள் தூரத்திலிருந்து சட்டம் எழுதுகிறார்கள் என்றாய். எப்படியும் இருப்பதுதான் வெல்லும், ஒரு எச்சரிக்கையாவது கொடுப்போம் என்று நினைத்தேன் என்றாய். முதல் காரணத்தில் எனக்கு மறுப்பே இல்லை. அண்ணன் மகனுக்காக நானும் நேர்த்தி வைத்தவள். ஆனால் தம்பி, ஐரோப்பாவின் பாஸ்போட்டோடு கேள்வியில்லாமல் இந்த நாட்டுக்குள் வந்த ஆள் யார்? உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு, நாலு பெட்டியோடு ஹொலண்ட் கப்பலிலிருந்து இறங்கினது யார்? நீ எதிர்த்துப் போட்ட ஐரோப்பாக்காரி நான்தான். ஆனி அன்ரி சொன்னது போல, உன்னைச் சொல்லவில்லை அம்மா, மற்றவையைத்தான் என்று நீயும் நினைத்திருப்பாய்.

வோட்டு உன்னுடையது என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பெட்டிக்குள் விழுந்தது உன் ஒரு வோட்டு மட்டும்தான். என்னுடையது என்று அங்கே ஒன்றுமே இல்லை. அம்மா கேட்டா என்பதற்காகத் தன் மனச்சாட்சிக்கு மாறாகப் போடுகிற பிள்ளையை நானும் மதிக்கமாட்டேன். முதல்நாள் இரவு, "ஏலாது அம்மா, நான் வேறை மாதிரி நினைக்கிறன்" என்று சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன். இரண்டு நாள் உனக்குப் பிடிக்காத கறியாகச் சமைத்திருப்பேன். பிறகு சரியாகியிருக்கும். வேறுமாதிரி நினைப்பவர்கள் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவதுதானே நீ எனக்குப் படிப்பிக்கிற சனநாயகம். நீ விலகப் போட்டதை என்னால் செமிக்க முடியும். "உங்கடையும் சேர்த்து" என்றாயே, அதைத்தான் செமிக்க முடியவில்லை. அதை நீ சொல்லியிருக்கத் தேவையே இல்லை. போட்டாச்சு என்பதோடு நிறுத்தியிருக்கலாம்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் நீ பக்கத்திலிருந்து பார்த்தாய். நாடு விலகியதால், தொடர்ந்து இங்கே வாழ அனுமதி கேட்டு விண்ணப்பித்து, நாங்கள் இத்தனை வருடம் இங்கே இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டி வந்தது. அப்பாவுக்கு பெற்றோல் நிலையத்துச் சம்பளச் சீட்டுகள் இருந்தன. எனக்கு என்ன இருந்தது? வீடு அவர் பெயரில், காஸ் அவர் பெயரில், தண்ணீர் அவர் பெயரில். இந்த வீட்டின் ஒவ்வொரு நாள் செலவும் என் கையெழுத்தில் கொப்பி கொப்பியாக இருக்கிறது. அதை எந்த அலுவலகமும் சான்றாக எடுக்காது. டொக்டரின் கடிதம், உன் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு வந்த பழைய கடிதங்கள் என்று தேடினோம். எல்லாவற்றையும் தேடித் தந்தது நீ. அந்த விண்ணப்பத்துக்காக உன் தொலைபேசியை என் பாஸ்போட்டின் மேல் வைத்துப் பிடித்தாய். என் முகத்தைப் படம் எடுத்தாய். "சிரியாதேங்கோ அம்மா, முகத்தை நேரா வையுங்கோ" என்றாய். பொறுமையாக, அன்பாக, ஒரு முகம் சுளிப்பும் இல்லாமல் செய்தாய். அந்த மாலைக்காக உன்னை எத்தனை பேரிடம் புகழ்ந்திருக்கிறேன் தெரியுமா? இப்போது அந்த மாலையை நினைத்தால் உன் முகம் எனக்குத் தெரிவதில்லை. தொலைபேசிக்குப் பின்னால் இருந்ததால் நான் அதைப் பார்க்கவேயில்லை.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதத்தான் எனக்கு இத்தனை நாள் எடுத்தது. அந்த வோட்டுக்கு முன் வந்த வெள்ளிக்கிழமைகளில் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய் அம்மாளிடம் நேர்த்தி வைத்தேன். இரண்டு ரயில் மாறிப் போய், ஈரச்சேலையோடு கோயில் வீதி சுற்றினேன். எங்களை இனியும் ஒரு நாட்டை விட்டு எழுப்பாதே என்று கேட்டேன். முடிவு வந்தபிறகு அம்மாளோடு கோபித்துக்கொண்டேன். கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. கேட்பதை நிறுத்தினேன். போவேன், விளக்கேற்றுவேன், கும்பிடுவேன், ஒன்றும் கேட்காமல் வருவேன். என் வீட்டில் செய்யக்கூடியதை நாங்கள் செய்தோம், பிள்ளை போட்டான், நீதான் கைவிட்டாய் என்று ஒவ்வொரு வெள்ளியும் மௌனமாக அவவிடம் சொல்லிவிட்டு வந்தேன். உன் மகள் மாதம் முந்திப் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தாளே, அந்த நாட்களில் நீ என்னிடம், அம்மா அம்மாளிட்டைக் கேளுங்கோ என்று அழுதாய். நான் போய் நின்றேன். வாய் வரவில்லை. இவவிடம் கேட்டு என்ன பயன் என்று ஒரு பிடிவாதம். பிள்ளை பிழைத்தாள், அது அவவின் கருணை, நான் கேட்டதால் இல்லை. நீ போட்ட வோட்டின் பழியை இத்தனை வருடம் அம்மாளின் தலையில் வைத்தேன். அது உனக்குத் தெரியாது என்று சொல்லாதே. அம்மாள் கைவிட்டுட்டா என்று உனக்கு முன்னால் எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். நீ தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாய்.

நீ போன அன்று இரவு அப்பாவிடம் கேட்டேன். வோட்டு முடிந்த கிழமையே நீ அவரிடம் சொல்லியிருக்கிறாய். "உனக்குச் சொன்னால் வீட்டிலை அடுப்பு எரியாது. அதுதான் விட்டனான்" என்றார். வீட்டில் அடுப்பு எரிவது அவ்வளவு முக்கியம். இரண்டு ஆண்கள் சேர்ந்து எனக்கு எது தெரியலாம், எது தெரியக்கூடாது என்று தீர்மானித்தீர்கள். மேலேயிருந்து எடுக்கும் தீர்மானம், வீட்டுக்குள் இருப்பவளைக் கேட்காத தீர்மானம். நீ ஐரோப்பாவில் எதைக் குறை சொல்கிறாயோ, அதை இந்த வீட்டுக்குள் நீங்கள் இருவரும் நடத்தினீர்கள்.

உன் அமெரிக்காவை நானும் கொஞ்சம் பார்த்தவள்தான். நியூ ஜேர்சியில் சின்னம்மா வீட்டில் ஒருமுறை தேர்தல் காலத்தில் தங்கினேன். ஒவ்வொரு வீட்டுப் புல்லிலும் பெயர் எழுதிய அட்டை. சின்னம்மா வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் அட்டை வேறு, அதனால் அந்த வருடம் குப்பைத் தொட்டி எடுத்து வைக்கும்போதுகூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒரு நாள் என்னைப் பள்ளிக்கூடச் சபைக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தீபாவளிக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை தர வேண்டும் என்று, நான் இன்னும் சின்னப்பிள்ளையாகவே நினைக்கும் என் தங்கச்சி, ஒலிவாங்கிக்கு முன்னால் போய்த் தன் இங்கிலிஷில் பேசினாள். சபையில் இருந்தவர்கள் அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். அடுத்த வருடம் விடுமுறை கிடைத்தது. எனக்குக் கண் கலங்கியது. ப்ரெடாவில் எனக்கு வீடு தந்தார்கள், மொழி வகுப்புத் தந்தார்கள், நீ பிறந்தபோது வீட்டுக்கே தாதி வந்து என்னைக் குளிக்கவார்த்தா. ஆனால் அத்தனை வருடத்தில் யாரும் என் முன்னால் ஒரு ஒலிவாங்கியை வைத்ததில்லை. அதில் நீ சொன்னது சரி. அதே சின்னம்மா தன் பித்தப்பைக் கல்லை இரண்டு வருடம் வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தாள், அவளின் புருஷனுக்கு வேலை மாறி மருத்துவக் காப்புறுதி நின்றதால். இரவில் நோவில் எழும்பிச் சோடா குடித்துவிட்டுப் படுப்பாள். லண்டனில் அதற்குக் காத்திருக்க வைப்பார்கள், கத்தி வைக்கக் காசு கேட்கமாட்டார்கள். வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்கு ஒரு நாட்டின் அரசியல் இப்படித்தான் விளங்கும், எந்த வரி நீளமாக இருக்கிறது, எந்த வரி வெறுமையாக இருக்கிறது என்று. மூன்று நாட்டில் எந்த நாட்டின் கணக்கிலும் எல்லா வரியும் நிரம்பியிருந்து நான் காணவில்லை.

இதையும் யோசி. நீ இப்போது போயிருக்கும் இடத்தில் உனக்கு வோட்டு இல்லை. வேலை செய்வாய், வரி கட்டுவாய், பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடுவாய். உன்னை வைத்திருப்பதா, அனுப்புவதா என்று மற்றவர்கள் தேர்தலில் பேசுவார்கள். தேர்தல் நாளில் நீ வாசலில் நிற்பாய். உள்ளே போகிறவன் உன் நண்பனாக இருப்பான், உன் பக்கத்து வீட்டுக்காரனாக இருப்பான், வெளியே வந்து உன் தோளில் தட்டி, உன்னை நினைத்துத்தான் போட்டேன் என்பான். அவன் முகத்தை நீ பார்ப்பாய். அந்த நேரம் உன்னை நான் நினைப்பேன், சபிக்கமாட்டேன். உனக்கு அப்படி நேரக்கூடாது என்று போன வெள்ளி அம்மாளிடம் கேட்டேன். ஓம், கேட்டேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன், நீளமாக. ஐயர் தீபாராதனை காட்டிவிட்டு இரண்டாம் தரம் திரும்பி வந்தும் நான் எழும்பவில்லை. பிறகு இதைக் கேட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் விஷயம் உனக்காகத்தான் என்பதில் எனக்கே என்னில் ஆத்திரம்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அது இன்னும் இல்லை, எப்போது என்றும் தெரியாது. நீ கூப்பிட்டால் எடுப்பேன். பேத்தியோடு கதைப்பேன். பலகாரம் செய்து அனுப்புவேன். ஆனால் நீ "ஓம் அம்மா" என்றால், அதை இனி முன்போலக் கையில் வாங்கி வைக்கமாட்டேன், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இனி என் பதில். படிவத்தை அனுப்பு. என் பெயரைக் கொடு. நானும் இப்போது பிரிட்டிஷ்காரிதான், கவுன்சில் மண்டபத்தில் ராசாவின் படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்து, ஹொலண்ட் பாஸ்போட்டை இழந்து எடுத்தது. தேர்தல் வரும்போது யாருக்கு என்று எனக்குச் சொல். எனக்குப் பிடித்தவராக இருக்கத் தேவையில்லை. நான் வாயைத் திறக்கமாட்டேன், ஒரு கதையும் கதைக்கமாட்டேன். அட்டையை எடுத்துக்கொண்டு அதே தேவாலய மண்டபத்துக்குப் போவேன். மழையென்றால் குடையை வாசலில் வைத்துவிட்டு இந்தமுறை உள்ளே போவேன். முதலில் என்னுடையது, பிறகு உன்னுடையது. அந்த மறைப்புக்குள் நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள், நீயும் இருக்கமாட்டாய். வெளியே வந்து உன்னைக் கூப்பிடுவேன்.

"போட்டாச்சு தம்பி, உன்ரையும் சேர்த்து" என்பேன்.

அதை நம்புவதா இல்லையா என்பதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அம்மா